எந்த விதி கொன்றது?

விதி என்று ஒரு சொல் நம் மொழியிலே உண்டு. எழுத்து இரண்டு, பொருளும் இரண்டு. ஒன்று, பிரமன் தலையிலே எழுதினான் என்று புராணிகர் சொல்லும் விதி. மற்றொன்று, சர்க்கார் தாளிலே எழுதி, முத்திரை குத்தி, ஆலைக்கு அனுப்பி வைக்கும் விதி. முதல் விதியைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. இரண்டாவது விதியைத் தொழிலாளிக்குப் படித்துக் காட்டுவாரும் அதிகமில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறும்போதெல்லாம் முதல் விதி ஊர் வாயிலே உருள்கிறது. இரண்டாவது விதி இடிபாட்டுக்குள்ளே புதைகிறது.

மத நம்பிக்கை விஞ்ஞான வளர்ச்சிக்குத் துணை நின்றதா, தடை செய்ததா? பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு இது. அணிக்கு மூவர் பேசுவர், நடுவர் நகைச்சுவை சொல்வார், இரு தரப்பும் வென்றது என்று தீர்ப்பளிப்பார், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதே கேள்வியைச் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் கொண்டு வாருங்கள். மருந்து கலக்கும் அறையின் வாசலிலே நின்று கேளுங்கள். அங்கே அது பொழுதுபோக்குக் கேள்வியல்ல; உயிர்க் கேள்வி!

ஆத்திக அன்பர் ஆத்திரப்பட வேண்டாம். அவருக்குச் சாதகமான சாட்சியையே முதலில் கூண்டில் ஏற்றுகிறேன்.

வெடிமருந்தை உலகுக்குத் தந்தவர்கள் யார்? சீன நாட்டின் தாவோ மதத்து ரசவாதிகள். ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டிலே, சாவை வெல்லும் மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வெடியுப்பையும் கந்தகத்தையும் கரிப்பொருளையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். சாகா மருந்து தேடினார்கள். சாவு மருந்து கிடைத்தது! கலவை குப்பென்று பற்றியது, கையும் முகமும் வெந்தன, வீடே எரிந்தது. அந்தப் பக்தர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. 'தெய்வ குற்றம்' என்று சொல்லி அதை மூடி மறைக்கவில்லை. இன்னதை இன்னதோடு சேர்த்தால் தீப்பிடிக்கும், சேர்க்காதே என்று ஏட்டிலே எழுதி வைத்தார்கள். தேடத் தூண்டியது நம்பிக்கை; தேடியதிலே கண்டது கவனிப்பு. பின்னே வந்த தலைமுறைக்குப் பயன்பட்டது எது? சாகா வரம் பற்றிய நம்பிக்கையா, சுட்ட கை எழுதிய குறிப்பா?

இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை ஒருவனைத் தேட வைக்கிறதா? அது துணை. தேடுகிறவன் கண்ணைக் கட்டுகிறதா? அது தடை. இதைக் கொண்டே நம் சீமையை அளந்து பார்ப்போம்.

கரிசல் காடு, கானல் வெயில், பொய்த்துப் போகும் மழை. இதுதான் சிவகாசியின் சொத்து. அந்த ஊரிலே கோயில் உண்டு, குளம் உண்டு, தேர் உண்டு, திருவிழா உண்டு. ஆனால் உழைத்து வரி கொடுத்த நாடார் மக்களுக்குக் கோயிலுக்குள் இடமில்லை என்றார்கள். உரிமை கேட்டதற்குக் கிடைத்த பதில் 1899இல் நடந்த சிவகாசிக் கொள்ளை! கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்குக் கிடைத்த பதில் வழக்கு. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நுழைந்தவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சாஸ்திரம் கதவைச் சாத்தியது. சட்டம் தாழ்ப்பாள் போட்டது.

சாத்திய கதவின் முன்னே அவர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. மகமைப் பணம் சேர்த்தார்கள், பிடியரிசி சேர்த்தார்கள், பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்தது. பின்னாளில் நாடறிந்த காமராசர் சிறுவனாகப் படித்த பள்ளி அது. அதே மகமை கோயில் திருவிழாவுக்கும் போயிற்று என்பார் நண்பர். போயிற்று, மறுக்கவில்லை. ஆனால் திருவிழாவுக்குப் போன காசு வாணத்தோடு புகையாயிற்று. பள்ளிக்குப் போன காசு தலைமுறைக்கு விளக்காயிற்று. அந்த விருதுநகரிலேதான் 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட ஊரிலே கேள்விக்கு மாநாடு கூடியதில் வியப்பென்ன!

1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து இரு இளைஞர் வடக்கே பயணமானார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் என்பது அவர்கள் பெயர். வடக்கே போவது என்றால் காசிக்குத்தான் என்று இருந்த காலம். காசிக்குப் போனால் பாவம் தொலையும் என்றார்கள். இவர்களோ பஞ்சம் தொலைய வழி தேடிக் கல்கத்தாவுக்குப் போனார்கள்! தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றார்கள், 1923இல் ஊர் திரும்பினார்கள், தொழிலைத் தொடங்கினார்கள். மழை பெய்யவில்லையே என்று வருண ஜெபம் செய்த நாட்டிலே, மழை இல்லாததையே மூலதனமாக்கியது அந்த அறிவு. ஈரமில்லாக் காற்றிலே தீக்குச்சி சீக்கிரம் காயும். சாபம் என்று சொல்லப்பட்ட வெயில் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. தீப்பெட்டியின் பின்னே வாணம் வந்தது, வெடி வந்தது, அச்சகம் வந்தது. இன்று இந்தியாவில் செய்யப்படும் பட்டாசிலே மிகப் பெரும் பங்கு இந்தக் கரிசல் மண்ணிலிருந்து போகிறது.

இத்தனையும் எதனாலே நடக்கிறது? வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்ற கணக்கினாலே. பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு, வெள்ளி மின்னலுக்கு அலுமினியப் பவுடர் என்ற ரசாயன ஞானத்தினாலே. இந்தப் பொருள்களுக்குச் சாதி தெரியாது, சமயம் தெரியாது, நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது. அளவு தவறினால் ராகுகாலத்திலும் வெடிக்கும், அமிர்த யோகத்திலும் வெடிக்கும்!

பட்டாசு ஆலைக்குப் பகைவர் பலர். அவர்களிலே வானத்திலிருந்து வரும் பகைவன் மின்னல். இடி இடித்தால் 'அர்ச்சுனா! அர்ச்சுனா!' என்று கூவுவது நம் ஊர்ப் பழக்கம். ஐரோப்பாவிலே கோயில் மணியை அடித்தார்கள். மணியோசை கேட்டு மின்னல் விலகும் என்பது அவர்கள் நம்பிக்கை. விளைவு? உயர்ந்த கோபுரத்திலே, நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மணியடிப்பவனையே மின்னல் தேடி வந்து கொன்றது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்றார். 1752இல் இடிதாங்கியின் காலம் தொடங்கியது. கூரான கம்பி, அதிலிருந்து தடையின்றி இறங்கும் உலோகப் பட்டை, மண்ணுக்குள்ளே புதைத்த தகடு, இவ்வளவுதான். 'ஆண்டவன் கோபத்தைக் கம்பி போட்டுத் தடுப்பதா?' என்று சமயவாதிகள் சிலர் சீறினார்கள். 1769இல் இத்தாலியின் பிரெசியா நகரிலே வெடிமருந்துக் கிடங்கின்மேல் மின்னல் இறங்கியது. நகரிலே ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. அதன்பிறகு இடிதாங்கியை எதிர்த்த குரல் இறங்கியது. அந்த ஞானம் பிறப்பதற்குக் கொடுத்த விலை எத்தனை பிணங்கள்!

இங்கே ஒரு புது வகை அன்பர் எழுந்து நிற்பார். "எங்கள் கோபுரக் கலசமே இடிதாங்கிதான் ஐயா! முன்னோர் அன்றே கண்டுபிடித்து விட்டார்கள்" என்பார். மெத்த மகிழ்ச்சி! கலசம் இருக்கிறது, அதிலிருந்து மண்ணுக்கு இறங்கும் பட்டை எங்கே? புதைத்த தகடு எங்கே? கம்பி இறங்காத கலசம் இடிதாங்கியானால், சக்கரம் இல்லாத கட்டை மாட்டுவண்டிதானே! முன்னோர் கல்லை அடுக்கிய திறத்தை வணங்குவோம், அது உண்மை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லி அவர்களுக்குப் பொய்ப் பட்டம் சூட்ட வேண்டாம். முன்பு மதம் விஞ்ஞானத்தை எதிர்த்து நின்றது. இப்போது, "அது என் வீட்டுப் பிள்ளைதான்" என்று சொந்தம் கொண்டாடி, மேற்கொண்டு தேடவிடாமல் தடுக்கிறது. எல்லாம் முன்பே தெரியும் என்பவன் எதற்காக ஆய்வுக்கூடம் கட்டுவான்?

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சாத்தூர் அருகே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்திலே இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி மாதத்திலே அங்கே கூடும் கூட்டத்தை அறியாதார் யார்! பெரியம்மை வந்தால் 'அம்மா வந்திருக்கிறாள்' என்று நம் தாய்மார்கள் சொன்ன காலம் உண்டு. வேப்பிலை கட்டினார்கள், வைத்தியரை அழைக்க அஞ்சினார்கள், ஊசி போட வந்தவரைக் கண்டு, அம்மன் கோபிப்பாள் என்று குழந்தையை ஒளித்தார்கள். குழந்தைகள் மாண்டன, பிழைத்தவை கண்ணிழந்தன. ஜென்னர் தடுப்பு முறையைக் கண்டது 1796இல். சென்னைக் கிண்டியிலே அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899இல் தொடங்கிய நிலையம்தான் கிங் நிலையமாக வளர்ந்தது. அதே 1899தான், கோயில் நுழைவுச் சண்டையிலே சிவகாசி எரிந்த ஆண்டும்! கடைசியில் என்ன ஆயிற்று? வீடு வீடாக ஊசியோடு நடந்த சுகாதார ஊழியர்கள் வென்றார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவிலே பெரியம்மை முடிந்தது. உலகிலேயே அது ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதைக் கவனியுங்கள், தோழர்களே! அம்மை போயிற்று, அம்மன் கோயில் போகவில்லை. இன்றும் கூட்டம் வருகிறது, கும்பிடு நடக்கிறது. அம்மைக்குக் காரணம் கிருமி என்று சொன்னதாலே எந்தப் பக்தையின் பக்தியும் குறைந்துவிடவில்லை. அவள் பிள்ளை மட்டும் பிழைத்தது. அப்படியானால், அன்று ஊசியைத் தடுத்தது எதைக் காப்பாற்ற? யாருக்காக?

"உலக விஞ்ஞானிகளிலே பக்தர்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், ஏராளம். பட்டாணிச் செடியை வளர்த்துப் பரம்பரையின் இரகசியத்தைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. நம் தமிழுக்கே வருவோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலே படித்த டாக்டர்களை உருவாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நடந்த காரியம் இது. அந்தக் கிறிஸ்தவருக்கு நாத்திகனும் கை கூப்பலாம்!

ஆனால் இவர்கள் செய்ததைப் பாருங்கள். மெண்டல் பட்டாணியை எண்ணினார். வேதத்திலே விடை தேடவில்லை. கிரீன் நோயாளிக்கு மருந்து கொடுத்தார். ஜெபம் போதும் என்று விட்டுவிடவில்லை. லெமேத்தரின் கொள்கையைப் படைப்புக் கதைக்குச் சான்று போல 1951இல் போப்பாண்டவர் பேசியபோது, லெமேத்தரே அதை விரும்பவில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம் என்பது அவர் நிலை. கடவுளை வீட்டிலே வைத்துவிட்டுக் கண்ணோடும் கணக்கோடும் ஆய்வுக்கூடம் சென்றவர்கள் இவர்கள். மடம் உத்தரவு போடத் தொடங்கியபோது நடந்தது வேறு. பூமி சுற்றுகிறது என்ற கலீலியோவை 1633இல் மண்டியிட வைத்தார்கள். அவரை நடத்தியது தவறு என்று ரோமாபுரி ஒப்புக்கொண்டது 1992இல். 359 ஆண்டு! பூமி மட்டும் யாரிடமும் அனுமதி கேளாமல் அத்தனை ஆண்டும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இனி, நம் வயிற்றெரிச்சலுக்கு வருவோம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி. வெடித்துச் சிதறிய ஆலையின் பெயர் 'ஓம் சக்தி'. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. காப்பாற்ற ஓடி வந்தவர்களும் அவர்களிலே உண்டு. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது என்று அந்நாளைய செய்திகள் கூறின. 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். அந்த ஆலையின் பெயரிலே மாரியம்மாள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உள்குத்தகைக்கு விடப்பட்டுப் பலர் கையிலே நடந்த வேலை என்று அப்போது பேசப்பட்டது. பெயரைச் சொல்லிக் கேலி பேச நான் வரவில்லை. பிணத்தின் முன்னே கேலி பேசுவது நம் பண்பல்ல. கேட்பது ஒன்றே: பெயர்ப் பலகையிலே தெய்வத்தை ஏற்றி வைத்தவர்கள், அறைக்குள்ளே விதியை ஏற்றி வைத்தார்களா?

வெடி விபத்துக்குக் காரணம் கிரகமல்ல. உராய்வு, ஈரம், அளவு மீறிய மருந்து, அறையிலே அளவு மீறிய ஆட்கள், முந்தின நாள் மீந்துபோன கலவை. அலுமினியப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் சூடேறும். மூடிக் கிடந்தால் அந்தச் சூடே தீயாகும். இதைச் சொன்னது சோதிடமா? கந்தகத்தைக் குளோரேட்டோடு கலந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும் என்று கண்டு, அந்தக் கலவைக்கு 1992இல் மத்திய சர்க்கார் தடை விதித்தது. 'ஏன் வெடித்தது?' என்று யாரோ கேட்டதன் பலன் அது. 'விதி' என்று தலையாட்டியிருந்தால் அந்தத் தடை பிறந்திருக்குமா? அந்த ஒரு தடை காத்த உயிர்களை எந்தப் பரிகாரம் காத்தது?

மகனை இழந்த தாய், 'என் தலைவிதி' என்று அழுகிறாள். அவளை நான் திருத்த மாட்டேன். அது அவளுடைய ஆறுதல்; அதைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவள் அழுகைச் சொல்லை எடுத்து, அளவு மீறி மருந்து கொடுத்தவனும், உரிமத்தை வாடகைக்கு விட்டவனும், பார்த்தும் பாராமல் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் கவசமாகப் போட்டுக்கொள்கிறார்களே, அதைத்தான் விடமாட்டேன்! ஏழைக்கு ஆறுதலாக இருக்கும் விதி, குற்றவாளிக்கு விடுதலைப் பத்திரமாக மாறுகிறது. நம் இயக்கம் தலையெழுத்துத் தத்துவத்தை எதிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

"தீபாவளி இல்லாவிட்டால் சிவகாசி ஏது? மத நம்பிக்கைதானே சோறு போடுகிறது!" என்று மடக்குவார்கள். நல்ல மடக்கு. நரகாசுரன் கதையை நாம் ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பண்டிகையை நம்பி வாரச் சம்பளம் வாங்கும் இலட்சக்கணக்கான கைகளை நாம் அறிவோம். நம் கழக வெற்றி விழாவிலே வெடிப்பதும் அதே சரவெடிதான்! பண்டிகை வாங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். செய்து கொடுப்பது எது? காற்று மாசைக் காரணம் காட்டி 2018இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது சிவகாசி திகைத்தது. எந்தப் புராணத்திலே மாற்று வழி கிடைத்தது? நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனத்தின் ரசாயனிகள் பசுமைப் பட்டாசுக்கான கலவையைத் தேடினார்கள். வேலை பிழைக்க வேண்டுமானால் நாளைக்கும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். பண்டிகை சந்தை தரும், பாதுகாப்புத் தராது.

ஆகவே, ஆலை வாசலிலே படம் மாட்டுகிறவர் மாட்டட்டும். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு வியாபாரம் தொடங்குகிறவர் தொடங்கட்டும். அதை அவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவோம். அந்தப் படத்தின் பக்கத்திலே, எல்லோருக்கும் புரியும் தமிழிலே, எத்தனை பேர், எத்தனை கிலோ, எந்தப் பொருளை எதனோடு சேர்க்கக் கூடாது என்ற விதி தொங்குகிறதா என்று பார்ப்பது நம் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதை வாய்விட்டுப் படித்துச் சொல்வது கிளைக் கழகத் தோழனின் வேலை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேள்வி கேட்பது கலகமல்ல, தோழர்களே, சட்டப்படியான கடமை!

இனி ஓர் ஆலை வெடித்தால், வெடிக்கக் கூடாது, வெடித்தால், மாலையோடு மட்டும் போகாதீர்கள். கேள்வியோடு போங்கள். எந்த மருந்து? கலந்தது யார்? எவ்வளவு? அறையிலே எத்தனை பேர்? உரிமம் யார் பெயரில், வேலை வாங்கியது யார்? போர்மேன் எங்கே நின்றார்? கடைசியாகப் பார்வையிட்ட அதிகாரி எழுதியது என்ன? நாற்காலியிலே எந்தக் கட்சி அமர்ந்திருந்தாலும், நம் கட்சியே அமர்ந்திருந்தாலும், விடை வரும்வரை கேளுங்கள். நிதி கொடுத்து நீதியை மூடிவிட இடம் கொடுக்காதீர்கள்.

பிரமன் எழுதியதாகச் சொல்லும் எழுத்தை நம்மால் படிக்க முடியாது. சர்க்கார் எழுதியதைப் படிக்கலாம், படித்துக் காட்டலாம், மீறியவனைக் கூண்டில் ஏற்றலாம். படிக்க முடிந்த விதியை முதலில் படிப்போம்!